செங்கல்பட்டுக்குப் போய் ஆங்கிலம் பேசிய கதை

என் மைத்துனர் துபாய்க்குப் போய் வந்தார். எங்கள் கல்லூரிக் கணிதத் துறைத் தலைவர், மகளைப் பார்க்க அமெரிக்கா போய் வந்தார். நான் செங்கல்பட்டுக்குப் போய் வந்தேன். அம்பாசமுத்திரத்துக்காரனுக்கு அதுவும் வெளிநாடுதான் என்பதை இதைப் படித்து முடிக்கும்போது நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

2003-ஆம் வருடம், மே மாதம். எங்கள் ஊர்க் கல்லூரியில் நான் ஆங்கில விரிவுரையாளர். எம்.ஏ. வகுப்புக்கு 'ஆங்கில மொழியின் வரலாறு' என்று ஒரு பேப்பர் உண்டு. அதைப் பதினான்கு வருடமாக நான்தான் நடத்திக்கொண்டிருந்தேன். அந்தத் தீவில் யார் எப்போது படகில் வந்து இறங்கினார்கள், யார் யாரை அடித்தார்கள், யார் எந்தச் சொல்லை விட்டுவிட்டுப் போனார்கள் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் தமிழில்தான் சொல்வேன். ஆங்கிலத்தில் வேண்டுமென்றால் நோட்ஸை எடுத்து வர வேண்டும்.

இந்த ரகசியம் எப்படியோ முதல்வர் காதுக்குப் போய்விட்டது. ஒருநாள் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஷீபா மேடம் புதுசா வந்திருக்காங்கள்லா, கான்வென்ட் படிப்பு. இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு. அந்த ஹிஸ்டரி பேப்பர அவங்கட்ட குடுத்துரலாமான்னு யோசிக்கேன்" என்றார். "செங்கல்பட்டு பக்கம் அஞ்சு நாள் பயிற்சி போட்டிருக்கான். வெள்ளக்காரங்க வாராங்களாம். நீரு போய் அந்தச் சர்டிபிகேட்ட வாங்கிட்டு வாரும். வாங்கலைன்னா அப்புறம் எம்மேல வருத்தப்படாதேயும்."

வேறு எந்தப் பேப்பரைக் கேட்டிருந்தாலும் சந்தோஷமாகத் தூக்கிக் கொடுத்திருப்பேன். நாடகம், கவிதை, விமர்சனம் எதிலும் எனக்குப் பெரிய பாசம் கிடையாது. இந்த ஒரு பேப்பர் மட்டும் எனக்கு உயிர். ஒரு மொழி அடி வாங்கி, கடன் வாங்கி, உருமாறி, கடைசியில் உலகத்தையே வளைத்துப் போட்ட கதை அது. அதை இன்னொருவர் நடத்த நான் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

விடிகாலையில் செங்கல்பட்டில் இறங்கியதும் ஓட்டலைத் தேடினேன். இட்லிக்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"சாம்பார் கீது, சட்னி கீது, வடகறி சூடா கீது. இன்னா வேணும்?" என்றார் பரிமாறுபவர்.

வடை தெரியும், கறி தெரியும். இரண்டும் சேர்ந்து ஒரே கிண்ணத்தில் வந்து பார்த்ததில்லை. எங்கள் ஊரில் மிஞ்சிப்போன வடையைப் பற்றி வெளியாட்களிடம் மூச்சு விட மாட்டார்கள். இங்கே வடையை உதிர்த்து, மசாலா சேர்த்துக் கொதிக்க வைத்து, அதற்கு ஒரு பெயரும் வைத்துப் பெருமையாக இட்லி மேல் ஊற்றுகிறார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒரு வாய் வைத்தேன். பிறகு மூன்று முறை கிண்ணத்தை நீட்டினேன்.

அங்கிருந்து மின்சார ரயில். நான் இறங்க வேண்டிய நிலையம் சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அடுத்தது. வழியில் இடம் தவறிவிடக் கூடாதே என்று முன்ஜாக்கிரதையாக வாசலிலேயே நின்றேன். செங்கல்பட்டு ரயிலில் செய்யக் கூடாத காரியம் அது ஒன்றுதான். சிங்கப்பெருமாள் கோயில் வந்ததும் தொழிற்சாலைக்குப் போகும் கூட்டம் மொத்தமும் இறங்கியது. நானும் இறங்கினேன், என் சம்மதம் இல்லாமலே. மறுபடி ஏறப் பார்த்தபோது ஒருவர் என் தோளைப் பிடித்து ஓரமாக நிறுத்தினார்.

"எறங்கறதுன்னா எறங்கு, இல்லாங்காட்டி உள்ள போ நைனா. வாசல்ல நின்னுகினு பேஜாரு பண்ணாத" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் ரயில் போய்விட்டது.

கல்லூரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது தொடக்க விழா நடந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டின் பல ஊர்களிலிருந்தும் நாற்பது விரிவுரையாளர்கள் வந்திருந்தார்கள். மேடையில் வெள்ளைப் பருத்திப் புடவை கட்டிக்கொண்டு எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் ஆங்கிலேயப் பெண்மணி இருந்தார். பெயர் மார்கரெட். ஆங்கில மொழியின் வரலாற்றையே வாழ்நாள் முழுக்கப் படித்தவராம். பதினான்கு வருடமாக நான் பெயர் சொல்லிப் பிழைப்பு நடத்திய நாட்டிலிருந்து முதல் ஆள் நேரில் வந்திருக்கிறார்.

அவர் ஒலிபெருக்கி முன்னால் வந்து, "குட் மார்னிங்" என்றார். நாற்பது பேரும் குனிந்து எழுதிக்கொண்டோம்.

அவர் நிறுத்திவிட்டுப் பார்த்தார். "என்ன எழுதுகிறீர்கள்?" என்று கேட்டார். அதையும் நாலைந்து பேர் எழுதினார்கள். பயிற்சியின் ஒருங்கிணைப்பாளர் ஓடிப்போய், "பாயிண்ட்ஸ் குறித்துக்கொள்கிறார்கள், மேடம்" என்று விளக்கினார்.

அதன் பிறகு ஒரு மணி நேரம் பேசினார். அதில் எங்களுக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை. நாங்கள் வானொலியில் கேட்டுப் பழகிய ஆங்கிலம் இது இல்லை. இங்கிலாந்தின் வடக்கே ஏதோ கடற்கரை ஊர்க்காரராம் அவர். சொற்களை எல்லாம் வாயிலேயே வைத்துக் குதப்பி, பாதியை விழுங்கிவிட்டு மீதியைத் தந்தார். புரியவில்லை என்று சொல்ல நாற்பது ஆங்கில விரிவுரையாளர்களில் யாருக்குத் தைரியம் வரும்? அவர் மூச்சு விடும்போதெல்லாம் "யெஸ் மேடம்" என்றோம்.

கடைசியாக அவர் சொன்னது மட்டும் புரிந்தது, ஒருங்கிணைப்பாளர் அதைத் திருப்பிச் சொன்னதால். ஐந்தாம் நாள் ஒவ்வொருவரும் மேடையேறிப் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். கையில் காகிதம் இருக்கக் கூடாது. யாருக்குச் சான்றிதழ் என்பதை மார்கரெட் அம்மையார் முடிவு செய்வார். அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

விடுதியில் என்னோடு அறையில் இருந்தவர் செய்யாற்றுக்காரர், ஏகாம்பரம். இலக்கணப் பேப்பர் நடத்துபவர். சட்டைப்பையில் எப்போதும் சிவப்புப் பேனா இருக்கும். நாங்கள் பெட்டியை வைத்து ஐந்து நிமிடம் ஆவதற்குள் விடுதி அறிவிப்புப் பலகையில் இரண்டு பிழைகளைத் திருத்திவிட்டு வந்திருந்தார்.

இரண்டாம் நாள் மதியம்தான் அந்த மானக்கேடு நடந்தது. நான் தயிர்சாதத்தோடு மூலையில் ஒதுங்கியிருந்தேன். மார்கரெட் அம்மையார் தட்டைத் தூக்கிக்கொண்டு நேராக என் எதிரில் வந்து உட்கார்ந்தார். எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக நிதானமாகவே கேட்டார். உங்கள் ஊர் எங்கே இருக்கிறது?

நான் வாயைத் திறந்தேன். தமிழில் தருகிறேன்: "எங்கள் ஊர் தெற்கே உள்ளது, எங்கள் ஊர் தெற்கே உள்ளது, கமா, ரயிலில் ஓர் இரவுப் பயணம், ஓர் இரவுப் பயணம், ஃபுல்ஸ்டாப்."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். அங்கே மலைகள் உண்டா என்று கேட்டார்.

"நெக்ஸ்ட் பாரா" என்றேன். "மலைகள் உண்டு, மலைகள் உண்டு, ஃபுல்ஸ்டாப்."

இதை நம்பாதவர்கள் எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் படிக்காதவர்கள். எங்கள் ஊரில் ஆங்கில வகுப்பு என்றால் நோட்ஸ்தான். ஆசிரியர் ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு முறை சொல்வார், நிறுத்தக்குறிகளோடு. மாணவர்கள் எழுதுவார்கள். எழுதி முடிந்ததும் ஆசிரியர் நோட்டை மூடிவிட்டு, "அதாவது என்ன சொல்லுதான்னா..." என்று தமிழில் விளக்குவார். என் நோட்ஸ் என் ஆசிரியர் எனக்குச் சொன்னது. அவருக்கு அவர் ஆசிரியர் சொன்னது. பதினான்கு வருடத்தில் நான் வாய்விட்டு ஆங்கிலம் சொன்னதெல்லாம் யாராவது எழுதிக்கொள்வதற்காகத்தான். எழுதும் கையின் வேகத்தைத் தாண்டி என் நாக்கு ஆங்கிலத்தில் ஓடியதே இல்லை. பதில் சொல்பவரிடம் பேசியதும் இல்லை.

மார்கரெட் அம்மையார் நல்ல மனுஷி. சிரிக்கவில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்தார். நான் சொன்னதை அவர் எழுதிக்கொள்ள வேண்டுமா என்று பணிவாகக் கேட்டார்.

பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருந்த ஏகாம்பரம் அறைக்கு வந்ததும், "இன்னா சார், வெள்ளக்காரம்மாவுக்கே நோட்ஸ் குடுத்துட்டீங்க" என்றார். சொல்லிவிட்டுக் கட்டிலில் உருண்டு உருண்டு சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது. மேடையில் இதே மாதிரி நடந்தால் பேப்பர் ஷீபா மேடத்துக்குத்தான் என்பது உறுதியாகிவிட்டது.

மூன்றாம் நாள் மாமல்லபுரம் சுற்றுலா. கல்லூரிப் பேருந்தில் நாற்பது பேரும் அம்மையாரும் கிளம்பினோம். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் வண்டி சூடாகிப் புகை கக்கிக்கொண்டு நின்றது. ஓட்டுநர் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் தேடிப் போய்விட்டார். வண்டி நின்ற இடம் வெயில், பத்தடி முன்னால் புளியமரம். நிழலுக்குத் தள்ளிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார்.

நாற்பது முதுநிலைப் பட்டதாரிகள் தோள் கொடுத்துத் தள்ளினோம். வண்டி அசையவில்லை. பக்கத்தில் நின்ற மார்கரெட் அம்மையார் கையை ஆட்டி ஏதோ சொன்னார். "யெஸ் மேடம்" என்று சொல்லி இன்னும் பலமாகத் தள்ளினோம். அவர் மறுபடியும், கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். "யெஸ் மேடம், யெஸ் மேடம்" என்றோம். நமக்கு உற்சாகம் ஊட்டுகிறார் என்று நாமக்கல்காரர் ஒருவர் பெருமைப்பட்டார். கால் மணி நேரம் கழித்து ஓட்டுநர் வந்து எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறிக் கைபிரேக்கை எடுத்துவிட்டார்.

அம்மையார் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். கேட்டிருந்தால் புரியும்படி சொல்லியிருப்பார். நாற்பது பேரில் ஒருவர்கூட 'என்ன மேடம் சொன்னீர்கள்' என்று கேட்கவில்லை.

மாமல்லபுரத்தில் எல்லோரும் வழிகாட்டியின் பின்னால் ரதங்களைப் பார்க்கப் போனார்கள். அம்மையாருக்கு அதில் நாட்டம் இல்லை. கல்லை நாளைக்கும் பார்க்கலாம், படகுகள் எங்கே நிற்கும் என்று கேட்டார். துணைக்கு யாரை அனுப்புவது என்று, முன்பே வந்து காத்திருந்த ஒருங்கிணைப்பாளர் சுற்றும் முற்றும் பார்த்தார். அவர் கண் என் மேல் விழுந்தது.

"நீங்கதானே சார் ஹிஸ்டரி? மேடத்தோட போங்க" என்றார். நான் நடத்துவது மொழியின் வரலாறு, பல்லவர் வரலாறு இல்லை என்று விளக்குவதற்குள் அம்மையார் மணலில் இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டார்.

மீனவர் குப்பத்தை ஒட்டி ஓலை வேய்ந்த ஒரு கடை. முகப்பில் மசாலா தடவிய மீன்கள். கடைக்காரப் பெண்மணி எங்களைக் கண்டதும் எழுந்து நின்று குரல் கொடுத்தார்.

"கம் மேடம், சிட் மேடம். ஃபிஷ் ஃப்ரெஷ். மார்னிங் போட் கம், நவ் ஃப்ரை. யூ ஈட், குட், பே. நோ குட், நோ பே."

நான் அசந்துபோனேன். இவ்வளவு நீளமாக ஆங்கிலத்தில் பேசி என் துறையில் யாரும் ஒரு காரியத்தை முடித்து நான் பார்த்ததில்லை. அம்மையாரும் சந்தோஷமாக நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பெண்மணியின் பெயர் கன்னியம்மா. சங்கரா மீன் வறுத்துக் கொடுத்தார். எங்கள் ஊரில் மீன் என்றால் தாமிரபரணிக் கெண்டைதான், பாதி முள்ளாக இருக்கும். இது வேறு ஜாதி. நான் தின்றுகொண்டே இருந்தேன். அம்மையார் பேசிக்கொண்டே இருந்தார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். கன்னியம்மா என்னையே கவனித்துக்கொண்டிருந்தார்.

"நீ இன்னா வேலை செய்யற?" என்று கேட்டார்.

காலேஜில் இங்கிலீஷ் வாத்தியார் என்றேன்.

"அப்ப பேசேன். எம்மா நேரமா அந்தம்மா பேசிகினு கீது. நீ மண்டய மண்டய ஆட்டிகினு கீற."

"தப்பா வந்துருமோன்னு பயமா இருக்கு."

"தப்பா வந்தா இன்னா? போலீசு புடிச்சிகினு பூடுமா?" என்றார். "நானுந்தான் தப்பா பேசறேன். மீனு துன்னாம எவனாச்சும் எந்திரிச்சிப் போறானா?"

இதற்கிடையில் மார்கரெட் அம்மையார் எழுந்து, கன்னியம்மா மீன் அரிந்துகொண்டிருந்த கத்தியைக் காட்டித் தன்னிடம் தரச் சொன்னார். வாங்கி ஒரு மீனைக் கிடத்தி, ஒரே இழுப்பில் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்துப் போட்டார். என் கண்ணை என்னால் நம்ப முடியவில்லை. தன் அப்பா மீன்பிடிப் படகில் போனவர், அம்மா துறைமுகத்தில் மீன் அரிந்தவர் என்று மெதுவாக, சைகையோடு சொன்னார். எனக்குப் புரிந்தது. கன்னியம்மாவுக்கு நான் மொழிபெயர்ப்பதற்கு முன்பே புரிந்துவிட்டது.

"கை சொல்லுதே, தொழிலு தெரிஞ்ச கைன்னு" என்றார். பக்கத்துக் கடைகளிலிருந்தும் பெண்கள் வந்து கூடிவிட்டார்கள். "நம்ம மாறி மீனு அரியற சனந்தான் இவுங்களும். அப்புறம் எப்பிடி ஒலகம் பூரா இவுங்க பேச்ச பேசிகினு கீது?"

இப்படி ஒரு கேள்வியைப் பதினான்கு வருடத்தில் என் மாணவர் ஒருவர்கூடக் கேட்டதில்லை. கையைக் கழுவிக்கொண்டு ஆரம்பித்துவிட்டேன். சுத்தமான அம்பாசமுத்திரத் தமிழில்.

அந்தத் தீவில் முதலில் இருந்தவர்கள் வேறு ஆட்கள். எதிர்க்கரையிலிருந்து படகு கட்டிக்கொண்டு வந்து இறங்கிய கூட்டத்தின் பேச்சுதான் பழைய ஆங்கிலம் என்றேன்.

"அப்ப இவுங்களே வந்து எறங்குன சனந்தானா?" என்றார் கன்னியம்மா.

ஆமாம். இவர்கள் குடியேறி நிம்மதியாக இருக்கும்போது வடக்கேயிருந்து இன்னொரு கூட்டம் படகில் வந்தது, வைக்கிங்குகள் என்று பெயர். முதலில் கொள்ளையடித்தார்கள். பிறகு ஊர் பிடித்துப்போய் அங்கேயே வீடு கட்டிப் பெண் கட்டினார்கள். புருஷன் பேச்சு ஒன்று, பெண்டாட்டி பேச்சு ஒன்று. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான், ஆனால் ஒவ்வொரு சொல்லின் வாலும் வேறு வேறு.

"வாலு ஒத்துவர்லன்னா நறுக்கிட வேண்டியதுதான். மீனுக்கு செட்டைய நறுக்கற மாறி" என்று ஒரு பெண் கத்தியோடு சொன்னார்.

'பிற மொழித் தொடர்பால் விகுதிகள் தேய்ந்தன' என்று பதினான்கு வருடமாக இரண்டிரண்டு முறை சொல்லி எழுத வைத்திருக்கிறேன். அதன் அர்த்தம் இதுதான் என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. யாரோ சாதாரண ஜனங்கள், முட்டை வாங்கவும் மாடு விற்கவும், அடுத்தவன் மொழியைத் தப்புத் தப்பாகப் பேசியிருக்கிறார்கள். வெட்கப்படாமல் பேசியிருக்கிறார்கள். தப்பு எல்லாம் சேர்ந்து மொழியாகிவிட்டது.

அடுத்தது பிரெஞ்சுக்காரர்கள் வந்து ஆண்டதைச் சொன்னேன். மாட்டை மேய்த்தவன் 'கவ்' என்றான். அதையே சமைத்துத் தட்டில் வைத்ததும் துரைமார் 'பீஃப்' என்றார்கள் என்றேன்.

"இங்கயும் அதே கததான்" என்றார் கன்னியம்மா. "நாங்க ஒரு பேரு சொல்லி புடிக்கறோம். பெரிய ஓட்டல்ல வேற பேரு போட்டு விக்கறான். பேரு மாறுனதும் மீனு ருசியா பூடுது."

பிறகு ஆங்கிலேயர்கள் கப்பலேறி வியாபாரத்துக்குக் கிளம்பியதையும், போன கரையிலெல்லாம் கிடைத்த சொற்களை வாரிக்கொண்டதையும் சொன்னேன். மணலில் கிடந்த கட்டுமரத்தைக் காட்டி, இந்தப் பெயரைக்கூட நம்மிடமிருந்து எடுத்துப்போய்த் தங்கள் அகராதியில் போட்டுக்கொண்டார்கள் என்றேன்.

"எங்க வூட்டு மரத்தையா? ஒரு வார்த்த கேட்டாங்களா?" என்று கன்னியம்மா அம்மையாரைப் பார்த்து முறைத்தார். பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். என்ன விஷயம் என்று தெரியாமலே மார்கரெட் அம்மையாரும் சிரித்தார். அரை மணி நேரம் போனது தெரியவில்லை.

திரும்பி நடக்கும்போது, அவர்களிடம் என்ன சொன்னீர்கள் என்று என்னைக் கேட்டார். "உங்கள் கதையைத்தான், மேடம்" என்றேன் ஆங்கிலத்தில். பத்தடி நடந்த பிறகுதான், அதை ஒரே முறைதான் சொல்லியிருக்கிறேன் என்பது உறைத்தது.

இத்தோடு நான் தேறிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நான்காம் நாள் பயம் பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது. ஏகாம்பரம் எனக்கு ஒத்திகை நடத்தினார். நான் வாயைத் திறந்ததுமே விரலை உயர்த்தினார். திருத்தினார். மறுபடி திறந்தேன், மறுபடி விரல். மாலைக்குள் நான் தமிழையும் நிறுத்தி நிறுத்திப் பேச ஆரம்பித்துவிட்டேன்.

"கோச்சிக்காதீங்க சார். நாளிக்கு தப்பு வந்தா மானம் பூடும், அதான்" என்றார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார்.

ஐந்தாம் நாள். என் முறை பதினோராவது. எனக்கு முன்னால் போன பத்துப் பேரும் மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டு இறங்கினார்கள். பிழை இல்லை. அம்மையார் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு கேட்டார். மேடை ஏறி வாயைத் திறந்தேன்.

"ஆங்கில மொழி, ஆங்கில மொழி, கமா" என்று வந்தது.

கீழே முப்பத்தொன்பது தலைகளும் குனிந்து பேனாவைத் திறந்தன. சொல்லி வைத்தது போல. மார்கரெட் அம்மையார் மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பேனாக்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர்கள் மேல் இல்லை, என் மேல். ஒரு உயிருள்ள கதையை வருடா வருடம் இப்படித்தானே கொன்றிருக்கிறேன்.

"தயவுசெய்து பேனாவை மூடுங்கள்" என்றேன். "எழுத வேண்டாம். இது படகுகளைப் பற்றிய கதை."

அதற்குப் பிறகு கன்னியம்மாவின் கடை முன்னால் சொன்னதை அப்படியே சொன்னேன், ஆங்கிலத்தில். கூட்டம் கூட்டமாகப் படகில் வந்ததை, பெண் கட்டியதை, வாலை நறுக்கியதை, மாடு கறியானதும் பெயர் மாறியதை. இறந்த காலத்தில் தொடங்கிய வாக்கியம் எதிர்காலத்தில் போய் முடிந்தது. சொல் கிடைக்காத இடத்தில் கையை ஆட்டினேன். ஒரு இடத்தில் வைக்கிங்கு துடுப்புப் போடுவதை நடித்தே காட்டினேன். ஒருங்கிணைப்பாளர் ஒவ்வொரு பிழைக்கும் ஒரு முறை இருமினார். ஒரு கட்டத்தில் அவருக்கு யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் நிற்கவில்லை. இது தப்பாகப் பேசியவர்கள் வளர்த்த மொழி, நாம் மட்டும் ஏன் இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தோம் என்று கேட்டுவிட்டு இறங்கினேன். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

ஒருங்கிணைப்பாளர் அம்மையாரிடம் குனிந்து பேசியது முன் வரிசையில் இருந்த எனக்குக் கேட்டது. இவ்வளவு பிழைகளோடு எப்படிச் சான்றிதழ் கொடுப்பது என்றார் அவர்.

"உங்களுக்குப் புரிந்ததா?" என்று அம்மையார் கேட்டார்.

"புரிந்தது மேடம், ஆனால்..."

"எனக்கும் புரிந்தது" என்று சொல்லிவிட்டு அம்மையார் தாளில் எழுதினார்.

ஏகாம்பரம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் ஒரு துண்டுக் காகிதம், அதில் சிவப்புக் கோடுகள். "முப்பத்தியேழு தப்பு சார்" என்றார். "அதுக்கு மேல எண்ணல. அந்த மாடு கத வந்துச்சா, கேக்க ஒக்காந்துட்டேன்."

ஊருக்குத் திரும்பிச் சான்றிதழை முதல்வர் மேசையில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"பி கிரேடுதானா?" என்றார்.

"ஆமா சார்."

"இதுக்கு முன்னால போனவன்லாம் ஏ வாங்கிட்டு வந்தானே." உதட்டைப் பிதுக்கினார். "சரி, சர்டிபிகேட்டு இருக்குல்லா. பேப்பர நீரே வச்சுக்கிடும்."

இரண்டு மொழியிலும் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

ஜூனில் கல்லூரி திறந்தது. முதல் வகுப்பில் இருபத்திரண்டு பேர் நோட்டைப் பிரித்து, தேதி எழுதி, கோடு போட்டுத் தயாராக இருந்தார்கள். நோட்டை மூடச் சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் கதையை ஆரம்பித்தேன். ஒருவரை ஒருவர் திருதிருவென்று பார்த்துக்கொண்டார்கள். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். கடையம் பக்கத்துப் பெண், பி.ஏ.வும் எங்களிடமே படித்தவள், அதுவரை அவள் குரலை நான் கேட்டதே இல்லை. பாதிச் சொற்களை விட்டுவிட்டு, ஆங்கிலத்தில் கேட்டாள்:

"எல்லாரும் தப்பாகப் பேசித்தான் அது சரியானது என்றால், சார், தப்பு எந்த நாளில் சரியாக மாறியது?"

பதினான்கு வருடத்தில் என் வகுப்பில் ஆங்கிலத்தில் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று ஆங்கிலத்திலேயே சொன்னேன்.